உள்தாழ்ப்பாள்

கதவில் விழுந்திருந்த ஓட்டையைப் பலகைத் துண்டு ஒன்றால் அடைத்துக்கொண்டிருந்தார் பெட்டிக்காரர். ஆணி அடித்தால் சத்தம் கேட்கும் என்று திருகாணிகளைக் கையாலேயே முறுக்கினார். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். காலையிலிருந்து ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். தூரத்திலிருந்து வந்தவர்களுக்கு முதலில் குளியலறை தேவைப்பட்டது. ஓட்டைக் கதவுக்குப் பின்னால் போக யாரும் தயாராக இல்லை. அதனால் நேற்று அந்த ஓட்டையைப் போட்டவரையே இன்று அதை அடைக்கவும் கூப்பிட வேண்டியதாயிற்று.

கூப்பிட்டது அவள்தான். கைப்பேசி வெளிச்சத்தைக் கதவின்மேல் காட்டியபடி பக்கத்தில் நின்றாள். நாற்பது தாண்டியும் அந்த வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர்.

"அழ வந்த கூட்டத்தைவிட இதுக்கு நிக்கற கூட்டம் பெருசா இருக்கு" என்றாள் அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. முழங்கால் வலியோடு சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "டோக்கன் குடுத்துடலாம்."

யாரோ சிரித்துவிட்டு, சிரித்தது தப்பு என்பதுபோல் செருமினார்கள்.

அத்தை நாற்காலி தேடி நகர்ந்ததும் பெட்டிக்காரர் குரலைத் தாழ்த்தினார். கை வேலையை நிறுத்தவில்லை. கண்ணும் திருகாணியிலேயே இருந்தது.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இது பேசற நேரமில்ல. ஆனா ஆபீஸ்லேருந்து கேப்பாங்க. தாப்பாளத் திரும்பப் போடச் சொன்னது நீங்கதான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

அவள் கூடத்துப் பக்கம் பார்த்தாள்.

"வேற யார் சொன்னாலும் செல்லாது. பதிவு உங்க பேர்ல இருக்கு. நீங்க சொல்லாம நான் போட்டேன்னு தெரிஞ்சா அன்னிக்கே வேலைய விட்டு அனுப்பிடுவாங்க. இந்த வயசுல எனக்கு யாரும்மா வேலை குடுப்பாங்க?"

வெளிச்சம் கதவைவிட்டு விலகியிருந்தது. "கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டுங்க" என்றார். காட்டினாள்.

வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்குச் சில்லறைப் பழுதுகள் பார்க்க ஆள் அனுப்பும் அமைப்பு ஒன்றில் அவர் வேலை செய்தார். பல்பு மாற்றுவார். ஒழுகும் குழாய்க்கு வாசர் போடுவார். ஆடும் கட்டிலுக்கு முட்டுக்கொடுப்பார், சுவரில் கைப்பிடி பொருத்துவார். அம்மா போன பிறகு அப்பாவின் பெயரை அதில் பதிந்தவள் அவள்தான். நீல நிறப் பிளாஸ்டிக் கருவிப் பெட்டியோடு மாதம் ஒருமுறை வருவார். பெட்டிக்காரர் என்று பெயர் வைத்தது அப்பா. பழுது எதுவும் இல்லாத மாதங்களில் இரண்டு பேரும் உட்கார்ந்து தேநீர் குடித்தபடி, ஊரில் யார் வீட்டுக் குழாய் எப்படி ஒழுகுகிறது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அப்பா தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு அது சலிக்காத பேச்சு.

முதல் தடவை வந்தபோதே பெட்டிக்காரர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, குளியலறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்ற வேண்டும் என்றார். அமைப்பின் விதி அது. உள்ளே விழுந்தால் வெளியிலிருந்து திறக்க முடியாது. ஒருமுறை கழற்றியதை, பெயரைப் பதிந்தவரின் சம்மதம் இல்லாமல் மறுபடி போடக்கூடாது என்பதும் விதி.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு அவளும் இருந்தாள்.

"தனியா இருக்கற வீட்ல யாருக்குப் பயந்துப்பா தாப்பா?"

"பல்லிக்கு" என்றார் அப்பா.

பெட்டிக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு திருகாணிகளைக் கழற்றினார். அப்பா கடைசித் திருகாணி விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "பாதுகாப்பு பாதுகாப்புன்னு ஒவ்வொண்ணா கழட்டறீங்க. கடைசில என்னையும் கழட்டி வச்சிடுவீங்க." அதன் பிறகு கதவை வெறுமனே சாத்திக்கொண்டு, வீட்டில் யாருமே இல்லாவிட்டாலும், உள்ளே இருக்கும் நேரமெல்லாம் செருமிக்கொண்டே இருக்கப் பழகிக்கொண்டார்.

விடுமுறைக்கு அண்ணன் குடும்பத்தோடு வந்து தங்கினான். தாழ்ப்பாள் இல்லாத குளியலறையில் அண்ணியால் குளிக்க முடியவில்லை. இரண்டு நாள் கதவுக்கு வெளியே அண்ணனே காவல் நின்றிருக்கிறான். அந்த மாதத்து வேலைக்காகப் பெட்டிக்காரர் வந்தபோது தாழ்ப்பாளைப் போடச் சொல்லிவிட்டான். பாப்பாம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு மூத்தவன் நான், நான் சொன்னால் போதாதா என்று இவன் கேட்டிருக்கிறான். பழைய தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்ததால் பெட்டிக்காரர் புதிதாக ஒன்று வாங்கிவந்து, நீளமான திருகாணிகளாகப் பார்த்துப் போட்டார். நீங்கள் ஊருக்குப் போனதும் சொல்லுங்கள், வந்து கழற்றிவிடுகிறேன் என்றார். அண்ணன் ஊருக்குப் போனான்.

இதையெல்லாம் அவர் நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளிடம் சொன்னார். கேட்காமலேயே சொன்னார்.

பலகை பொருந்திவிட்டது. அண்ணி வந்து எட்டிப் பார்த்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "தாப்பா வேலை செய்யுதாங்க?" என்று கேட்டாள். எல்லாரும் கேட்பதைப் போலத்தான் கேட்டாள். பெட்டிக்காரர் அதை ஒருமுறை இழுத்துத் தள்ளிக் காட்டினார். புதுத் தாழ்ப்பாள். சுகமாக நகர்ந்தது. அண்ணி உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள்.

நேற்று ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவள் வேலையில் இருந்தபோதுதான் கீழ் வீட்டம்மா கூப்பிட்டாள். "உங்கப்பா குழாயத் திறந்து போட்டுட்டு எங்கயோ போயிட்டாரு போல. டேங்க்கே காலி. நான் பாதி சோப்போட நிக்கறேன்." அந்த அம்மாவுக்குக் கோபம். தட்டித் தட்டிப் பார்த்தாளாம், திறக்கவில்லையாம்.

அவள் கையிலிருந்த, ரத்தம் நிரப்பிய சோதனைக் குழாயை அதன் இடத்தில் வைத்தாள். பேரெழுதிய காகிதத்தை நேராக ஒட்டினாள். அப்புறம்தான் பயம் வந்தது. அடுத்த வீட்டுக் குழாய் சொட்டினால்கூடப் படியேறிப் போய்ச் சொல்லிவிட்டு வரும் மனிதர் அவர்.

வாசல் கதவுக்கு அவளிடம் சாவி இருந்தது. குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"அப்பா."

"பாப்பாவா? டேங்க்கு காலியாயிடுச்சா?"

"ஆயிடுச்சுப்பா."

"கூப்பிட்டுப் பாத்தேன், யாருக்கும் கேக்கல. அதான் தண்ணியத் திறந்து விட்டேன். தண்ணி நின்னா கீழ இருக்கறது சண்டைக்கு வரும்ல."

கீழ் வீட்டம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தாப்பாளத் திறக்க முடியுமாப்பா?"

"எட்டல."

எதிர் வீட்டுக்காரர் கதவை உதைத்து உடைக்கலாம் என்றார். கால் எங்கே இருக்கிறது என்று அவள் அப்பாவைக் கேட்டாள். கதவை ஒட்டித்தான் என்றார், மடக்க வரவில்லை என்றார். உதைத்தால் கதவு அவர்மேல் விழும். பெட்டிக்காரருக்குப் போன் செய்தாள். அவர் வேறொரு வீட்டில் பரணில் ஏறியிருந்தார். வந்து சேர்ந்தவர் மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை. தாழ்ப்பாள் இருக்கும் இடத்தைக் கணித்து வட்டமாகத் துளைகள் போட்டு, நடுவில் சிறிய ரம்பத்தை விட்டு அறுத்தார். பழைய மரம், சீக்கிரம் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் அறுக்க அறுக்க அவள் கதவில் வாய் வைத்துப் பேசிக்கொண்டே இருந்தாள். முதலில் அப்பா பதில் சொன்னார். மோட்டாரைப் போட்டுவிடப்போகிறார்கள், குழாயை மூடாமல் போடவேண்டாம் என்று சொல் என்றார். பிறகு ம் என்றார். பிறகு செருமினார். அப்புறம் அதுவும் இல்லை.

ஓட்டை வழியாகப் பெட்டிக்காரர் கையை விட்டபோது, அது தாழ்ப்பாளின்மேல் இருப்பதை அவள் பார்த்தாள். எவர்சில்வர் பளபளப்பு. அதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அண்ணன் போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் அந்தக் குளியலறைக்குப் போயிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, திறந்து வந்திருக்கிறாள். கை போட்டது, கை திறந்தது. கண்ணில் பட்டும் மனதில் படவில்லை. பொழுது விடிந்தால் ரத்தத் துளிகளைக் கண்ணாடித் தகட்டில் பரப்பிப் பார்த்து, யாருக்கு என்ன என்று சொல்லும் வேலை அவளுக்கு.

தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாம் என்றார். எல்லாரிடமும் சொல்கிற வாக்கியமாகவும் அது இருக்கலாம். சாயங்காலம் அப்பா போய்விட்டார்.

காலையில் வந்து இறங்கிய அண்ணனிடம் அந்த வாக்கியத்தை அவள்தான் சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம். அவன் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். உண்மையான அழுகை. அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தான். எத்தனை மணிக்கு விழுந்தார், யார் முதலில் பார்த்தது, கதவைத் திறக்க ஏன் அவ்வளவு நேரம். அவன் ஒரு கம்பெனியில் தணிக்கை அதிகாரி. கேள்விகள் எல்லாம் ஒரே திசையில் போனது அவளுக்குத் தெரிந்தது. கடைசியில், உள்தாழ்ப்பாள் இருக்கவே கூடாது என்றுதானே கழற்றினார்கள், அப்புறம் அது எப்படி அங்கே இருந்தது என்று கூடத்தில் எல்லார் முன்னாலும் கேட்டான். அண்ணி தரையைப் பார்த்தாள்.

பெட்டிக்காரர் கருவிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது, அண்ணன் பால்கனியில் நின்று கைப்பேசியில் பேசும் குரல் கேட்டது. அலட்சியம் என்றான். உயிர் என்றான். எழுத்து மூலமாகவும் தருகிறேன் என்றான். பெட்டிக்காரருக்கும் கேட்டிருக்க வேண்டும். திருப்புளி ஒன்றை எடுத்து, ஏற்கெனவே துடைத்ததை மறுபடியும் துடைத்தார். பெட்டியை மூடி, கூடத்துக்கு வந்து, அப்பாவின் முன்னால் கொஞ்சம் நின்றார். அவளைப் பார்த்தார். அவள் பார்க்காததுபோல் இருந்தாள். படியிறங்கிப் போய்விட்டார்.

அவள் பால்கனிக்குப் போனாள். இதுவரை அண்ணனை எதிர்த்து அவள் ஒரு பேச்சுப் பேசியதில்லை. சின்ன வயதில் அவன் உடைத்ததற்கெல்லாம் இவள்தான் அடி வாங்கியிருக்கிறாள் என்று அத்தை கேலி செய்வாள்.

"தாப்பாளப் போடச் சொன்னது நீதானே?"

அண்ணன் தெருவைப் பார்த்தான். "ஆமா, சொன்னேன். இல்லேன்னா சொல்றேன்? அண்ணிக்குக் கூச்சமா இருக்குன்னு சொன்னேன். சொன்னா போட்டுடறதா? எனக்கு இந்த விதியெல்லாம் தெரியுமா? அவனுக்குத் தெரியும்ல. அதுக்குத்தானே அவன் இருக்கான்."

"ஊருக்குப் போனதும் சொல்லுங்க, கழட்டிடறேன்னு சொன்னாராமே."

"ஊருக்குப் போய் எனக்கு ஆயிரம் வேலை. வாரா வாரம் வர்றவ நீ. உன் கண்ணுல படலியா?"

அவள் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கீழே வண்டி வந்து நின்றது. அவள் கணவன் டிரைவருக்குக் கைகாட்டி வாசலை ஒட்டி நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அவர் வேலை போயிடும்ண்ணா."

"போகட்டும். அப்பாவே போயிட்டாரு."

அதைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அப்பாவை எடுத்தார்கள். மாடிப்படி குறுகல். திருப்பத்தில் தலைப்பக்கம் பிடித்திருந்த அண்ணன் பின்பக்கமாக ஒவ்வொரு படியாகக் காலால் தடவி இறங்கினான். பார்த்து, பார்த்து என்று கீழ் வீட்டம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். வண்டி போன பிறகு வீடு சட்டென்று பெரிதாகிவிட்டது.

எல்லாம் முடிந்து அவர்கள் திரும்பி வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. கூடத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அண்ணி பரிமாறினாள். அத்தை, தனக்குப் பசியே இல்லை என்று சொல்லியபடி இரண்டாவது முறை சாதம் வாங்கிக்கொண்டாள். "அவன் இருந்தா, குழாயடில கை கழுவறப்ப எவ்வளவு தண்ணி விடறேன்னு பாத்துக்கிட்டே நிப்பான்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன்கூடச் சிரித்தான்.

அப்போது அவள் கைப்பேசி அடித்தது.

அமைப்பின் அலுவலகத்துப் பெண். முதலில் வருத்தம் தெரிவித்தாள். இந்த நேரத்தில் கூப்பிடுவதற்கு மன்னிப்புக் கேட்டாள். புகார் வந்தால் அன்றைக்கே விசாரித்தாக வேண்டும் என்றாள். உங்கள் அண்ணன் பேசினார், ஆனால் பதிவு உங்கள் பேரில்தான் இருக்கிறது. கழற்றிய தாழ்ப்பாளை உங்கள் சம்மதம் இல்லாமல் திரும்பப் போட்டிருந்தால் எங்கள் ஆளை நாங்கள் வைத்திருக்க முடியாது. யார் கேட்டு அவர் போட்டார் என்பது எங்களுக்கு முக்கியமில்லை. நீங்கள் சம்மதித்தீர்களா என்பதுதான்.

அவள் எழுந்து உள்ளே போயிருக்கலாம். எச்சில் கையோடு அங்கேயே இருந்தாள். அண்ணன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால், அண்ணன் பெயர் அந்தப் பெண்ணின் காதில் விழும். அவ்வளவுதான். பெட்டிக்காரரின் வேலை அப்போதும் போகும்.

"சம்மதிச்சேன்" என்றாள்.

வாயால் சொன்னீர்களா என்று அந்தப் பெண் கேட்டாள்.

"சொன்னேன். நான்தான் போடச் சொன்னேன். அவர்மேல தப்பு இல்ல."

அப்படியானால் புகாரை முடித்துவிடுகிறோம் என்றாள் அந்தப் பெண். அப்பா பெயரிலிருந்த உதவியும் இந்த மாதத்தோடு நின்றுவிடும் என்று மென்மையாகச் சொன்னாள்.

கைப்பேசியைத் தரையில் வைத்தாள்.

"நீயா?" என்றாள் அத்தை. "நீயா போடச் சொன்ன?"

அவள் தலையசைத்தாள்.

அத்தை அண்ணன் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமாடா இது?"

அண்ணி கரண்டியோடு பாதி குனிந்தபடி நின்றாள். அண்ணனைப் பார்த்தாள். அவன் தண்ணீர்ச் செம்பை எடுத்து நிதானமாகக் குடித்தான். அவன் சொல்வான் என்று அவள் நினைத்தாள். அதற்காகத்தான் எழுந்து உள்ளே போகவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

அண்ணன் செம்பை வைத்தான். "விடுங்க அத்தை. இப்ப அதைப் பேசி என்ன ஆகப்போகுது?"

சாதத்தைப் பிசைந்தான். "இன்னும் கொஞ்சம் போடு" என்று அண்ணியிடம் தட்டைக் காட்டினான். அண்ணி போட்டாள். கொஞ்சம் தட்டுக்கு வெளியே விழுந்தது. அண்ணி குனிந்து அதைப் பொறுக்கினாள். பொறுக்கி முடித்த பிறகும் சற்று நேரம் குனிந்தே இருந்தாள்.

இருட்டுவதற்குள் அது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கீழ் வீட்டம்மா வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மனசு விட்டு அழுதுவிடு என்றாள். ஊரிலிருந்து வர முடியாத உறவினர் ஒருவர் போனில், நடப்பது நம் கையில் இல்லை என்று அவளுக்கு மட்டும் தனியாக ஆறுதல் சொன்னார். அத்தை சமையலறையில் யாரிடமோ, நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சிருப்பா, அவளுக்கு விவரம் பத்தாது என்று சொல்வது கேட்டது. அவள் கணவன் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போனதும் கேட்பான்.

ஆட்கள் கலைந்த பிறகு அவள் கூடத்தைத் துடைக்க உட்கார்ந்தாள். கடைசி மூலையிலிருந்து ஆரம்பித்து, ஈரத்துணியைக் கைவீச்சளவு இழுத்து இழுத்துப் பின்னால் நகர்ந்து வந்தாள். சன்னலை ஒட்டி அப்பாவின் நாற்காலி இருந்தது. அதைத் தூக்காமல் சுற்றித் துடைத்தாள்.

அண்ணன் பால்கனியிலிருந்து வந்தான். வெறுங்கால். ஈரத்தரையில் நேராக நடந்து அவள் பக்கத்தில் வந்து நின்றான். அவள் தலையில் கை வைத்தான். சின்ன வயதில் காய்ச்சல் பார்க்க வைப்பானே, அதேமாதிரி.

"மனசுல வச்சுக்காத பாப்பா" என்றான். "நீ என்ன தெரிஞ்சா செஞ்ச?"

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. அவள் தேடியது எதுவும் அதில் இல்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நிஜமாகவே மன்னித்துக்கொண்டிருந்தான்.

"சரிண்ணா" என்றாள்.

அவன் இன்னொரு முறை தலையைத் தடவிவிட்டு, வந்த வழியே போனான். அறைக்குள் அண்ணி பெட்டியில் துணி அடுக்கும் ஓசை கேட்டது.

ஈரத்தரையில் அவனுடைய பாதங்கள் தெரிந்தன. வெளிப்புழுதி அப்பி, விரல்கள்கூடத் தனித்தனியாக, அவள்வரை வந்து திரும்பிப் போயிருந்தன. அவள் துணியை வாளியில் முக்கிப் பிழிந்தாள். உடனே துடைக்கவில்லை. மின்விசிறிக் காற்றில் சுற்றிலும் தரை காய்ந்துகொண்டு வந்தது. முதலில் ஓரங்கள், பிறகு நடுவில். காயக் காய அந்தத் தடங்கள் இன்னும் தெளிவாகின.